ஃபாத்திஹாவின் கடைசி வசனம் வரை



பார்க்கின்சன் நோய் என்றதும் நம் மக்களின் நினைவுக்கு வருவது கை நடுக்கம். தமிழில் அந்நோய்க்கு நடுக்குவாதம் என்றே பெயர் வழங்குகிறது. 1817-ஆம் ஆண்டு அதைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனும் நடுக்கத்தை வைத்தே தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டார். எங்கள் வாப்பாவுக்கோ கை அவ்வளவாக நடுங்கவில்லை. அவர்களிடம் முதலில் குறைந்தது குரல். அடுத்துக் குறைந்தது இருமல்.

இருமல் குறைந்தால் நல்லதுதானே என்று எவருக்கும் தோன்றும். நல்லதன்று. அதை எடுத்துச் சொல்லவும், மூச்சுத் தசைகளுக்கென்று ஒரு பயிற்சி இருப்பதை நம் குடும்பங்களுக்குத் தெரிவிக்கவும் உடன்பிறந்தவர்களான நாங்கள் மூவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். மருத்துவர்கள் சொல்லிக் கொடுத்ததையும், இரண்டாண்டுகளாக வீட்டில் செய்து பார்த்ததையும் மட்டுமே எழுதுகிறோம்.

குரல் குறைந்த செய்தி எங்கள் வீட்டில் ஒரு மார்க்கப் பிரச்சினையாகத்தான் நுழைந்தது. நாங்கள் காயல்பட்டினத்தைச் சேர்ந்தவர்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். எங்கள் மத்ஹபில் ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹா ஓதியாக வேண்டும். இமாமுக்குப் பின்னால் நின்று தொழுபவருக்கும் அதுவே சட்டம். மனத்துக்குள் நினைத்துக்கொண்டால் போதாது. நாவு அசைய வேண்டும். செவிப்புலன் சரியாக உள்ளவர், சுற்றிலும் இரைச்சல் இல்லாதபோது, தாம் ஓதுவதைத் தாமே கேட்கும் அளவுக்காவது சத்தம் எழ வேண்டும். சிறு வயதில் மக்தபில் அனைவரும் படித்த சட்டம்தான். படித்ததற்கு மேல் அதைப் பற்றிச் சிந்திக்கும் தேவை எவருக்கும் வந்ததில்லை.

மஃக்ரிபுத் தொழுகையை வீட்டில் வாப்பா இமாமாக நின்று நடத்தும் நாட்களில், பின்னால் நிற்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஓதல் கேட்காமல் போயிற்று. சூரா முடிந்துவிட்டதா, ருகூஉவுக்குப் போகிறார்களா என்று தெரியாமல் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாப்பாவிடம் பக்குவமாகச் சொன்னபோது அவர்களுக்கு வியப்பு. “நான் நல்லாச் சத்தமாத்தானே ஓதுனேன்? ஒங்க காதுலதான் ஏதோ கோளாறு” என்றார்கள். அது வீம்பும் அன்று, பொய்யும் அன்று. இந்நோயின் இயல்புகளில் ஒன்றே அதுதான் என்று பின்னால் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். தாம் எவ்வளவு விசையுடன் பேசுகிறோம் என்பதை அளந்து சொல்லும் மூளையின் அளவுகோல் தவறிவிடுகிறது. நோயாளிக்குத் தம் குரல் முன்பு போலவே இருப்பதாகத் தோன்றும். அவரை இயல்பான சத்தத்தில் பேசச் செய்தால், கத்துவதைப் போல உணர்ந்து கூச்சப்படுவார்.

சலாம் சொல்லுவதிலும் இதே சிக்கல் வந்தது. பள்ளிவாசல் வாசலில் சலாம் சொன்னவர்களுக்கு வாப்பா பதில் சொல்லத்தான் செய்தார்கள். அது எவர் காதிலும் விழவில்லை. முகத் தசைகளும் இறுகிப்போய்ச் சிரிப்பு வெளியே தெரியாத நிலை. அறுபதாண்டுப் பழக்கமுள்ள ஒருவர், “என்ன மனக்கசப்போ, சலாத்துக்குக்கூட மறுமொழி இல்லை” என்று வேறொருவரிடம் வருந்தினாராம். அதன் பிறகுதான் நாங்கள் ஜமாஅத்தில் நெருங்கியவர்களிடம் நோயைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினோம். நோயை மறைத்து வைப்பதால் நோயாளிக்குக் கிடைப்பது மரியாதை அன்று, தவறான எண்ணந்தான்.

ஊர் ஆலிம் ஒருவரிடம் தொழுகையைப் பற்றிக் கேட்டோம். இயலாதவருக்கு அவரால் இயன்ற அளவே கடமை என்றார். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்றுத் தந்ததை நினைவூட்டினார். ஓதலுக்கும் அதே அளவுகோல், நோயினால் சத்தம் எழவில்லை என்றால் நாவசைவே போதும், தொழுகை செல்லும். எங்கள் பயம் தீர்ந்தது. வாப்பாவின் மனம் மட்டும் ஆறவில்லை. சலுகை என்பது வேறு வழி இல்லாதவனுக்குத்தானே, எனக்கு வழி இல்லை என்று யார் சொன்னார்கள் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஆலிமிடம் விடை இல்லை. அது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அதைக் கேட்பதற்கு முன்பே காய்ச்சல் முந்திக்கொண்டது. மழைக்காலத்தில் ஒரு வாரம் வாப்பா சோர்ந்து கிடந்தார்கள். சளியும் இல்லை, இருமலும் இல்லை. காய்ச்சலும், இடம் பொருள் தெரியாத மயக்கமும் மட்டும். திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் படம் எடுத்தபோது வலப்பக்க நுரையீரலின் அடிப்பகுதியில் நியூமோனியா. “சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுமா?” என்று மருத்துவர் கேட்டார். இல்லவே இல்லை என்றோம். “அதுதான் கவலை” என்றார்.

நலமுள்ள ஒருவருக்கு ஒரு சோற்றுப்பருக்கையோ ஒரு சொட்டுத் தண்ணீரோ மூச்சுக்குழாய்ப் பக்கம் வழுக்கினால் உடனே புரையேறும். கண்ணில் நீர் வரும் அளவுக்கு இருமி அதை வெளியே தள்ளிவிடுவார். பார்க்கின்சன் நோயில் விழுங்கும் தசைகளும் மந்தப்படுகின்றன. தொண்டையின் உணர்ச்சியும் மங்குகிறது. இருமும் வலிமையும் குறைகிறது. கஞ்சி ஓசையில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இந்நோயாளிகளின் மரணத்துக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இப்படி வரும் நியூமோனியா. அன்றுவரை நாங்கள் பயந்தது வாப்பா கீழே விழுந்துவிடுவார்களோ என்று. பயப்பட வேண்டியது சாப்பாட்டுத் தட்டிலும் இருந்தது.

மூச்சு உள்ளே போவதற்கு உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும் உழைக்கின்றன. வெளியே வருவதற்கு, சும்மா இருக்கும் வேளையில், எந்தத் தசையும் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. விரிந்த நுரையீரல் தானாகவே சுருங்கிக்கொள்ளும். இருமுவதும், உரக்கப் பேசுவதும், நீளமாக ஓதுவதும் அப்படி அல்ல. அங்கே வயிற்றுத் தசைகளும் விலாத் தசைகளும் சேர்ந்து காற்றைத் தள்ளியாக வேண்டும். பார்க்கின்சன் நோய் கைகால்களை விறைக்கச் செய்வதைப் போலவே மார்புக்கூட்டையும் விறைக்கச் செய்கிறது. முதுகு வேறு கூனுகிறது. மூச்சு ஆழமாக உள்ளே போவதில்லை. போன மூச்சு விசையோடு வெளியே வருவதும் இல்லை. நோயாளி நடப்பதையே குறைத்துக்கொள்வதால் தமக்கு மூச்சுப் போதவில்லை என்பது அவருக்கே தெரியாமல் போகக்கூடும்.

மருத்துவமனையிலிருந்து திரும்புவதற்கு முன் ஓர் இயன்முறை மருத்துவர் வந்தார். இளம் வயதுப் பெண். வாப்பாவின் வாயில் ஒரு குழாயை வைத்து முழுப் பலத்தோடு ஊதச் சொன்னார். கருவி 48 என்று காட்டியது. அதாவது 48 செ.மீ. நீர்மட்டத்தைத் தாங்கும் அழுத்தம். வாப்பாவின் வயதில் நோயில்லாத ஆண் ஒருவர் 100-ஐத் தாண்டி ஊத வேண்டும் என்றார். வாப்பா நெடுங்காலம் கல் வியாபாரம் செய்தவர்கள். தராசு காட்டாத எடையை ஒப்புக்கொள்ளாத மனிதர்கள். “ஒங்க குரல் குறைஞ்சிருச்சு” என்று வீட்டில் எத்தனை பேர் சொல்லியும் நம்பாதவர்கள், அந்த எண்ணை மட்டும் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, “இதைக் கூட்ட முடியுமாம்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்கள். முடியும் என்றார் அவர்.

அந்தப் பயிற்சிக்கு வெளிமூச்சுத் தசை வலுப்பயிற்சி என்று தமிழில் சொல்லலாம். கருவி ஒரு சாண் நீளம்கூட இல்லாத குழாய். உள்ளே ஒரு வால்வு. அதை ஒரு சுருள்வில் அழுத்தி மூடியிருக்கிறது. ஊதும் அழுத்தம் வில்லின் விசையைத் தாண்டினால் வால்வு திறந்து காற்று ‘புஸ்’ என்று வெளியேறும். தாண்டாவிட்டால் எவ்வளவு முக்கினாலும் ஒரு துளிக் காற்றும் போகாது. வெளியே இருக்கும் திருகைத் திருப்பி வில்லை இறுக்கவோ தளர்த்தவோ செய்யலாம். எடை தூக்குபவர் வாரந்தோறும் எடையைக் கூட்டுவது போன்றதுதான். உச்ச அழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் தொடங்குவார்கள். வாப்பாவுக்கு 36.

முறை இதுதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். மூக்கைக் கவ்வியால் மூட வேண்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயை உதடுகளால் காற்றுக் கசியாமல் இறுகப் பற்றி, கன்னம் உப்பாதபடி விரல்களால் பிடித்துக்கொண்டு, சட்டென்று பலமாக ஊத வேண்டும். வால்வு திறந்தால் போதும். நீட்டி ஊத வேண்டியதில்லை. ஐந்து முறை ஊதி ஒரு நிமிடம் ஓய்வு. இவ்வாறு ஐந்து சுற்று, நாளொன்றுக்கு 25 ஊதல். வாரத்தில் ஐந்து நாள். மொத்தமே 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் செய்த வயிற்று அறுவை, மாரடைப்பு, மூச்சிளைப்பு நோய் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவர் அனுமதியின்றி இதைத் தொடக்கூடாது. முக்கி ஊதும்போது உடலுக்குள் அழுத்தம் ஏறும்; அது எல்லோருக்கும் ஏற்றதன்று.

இந்தப் பயிற்சிக்கு ஆதாரம் உண்டா என்று எங்களில் மூத்தவர் தேடிப் படித்தார். 2010-ஆம் ஆண்டு ‘நியூராலஜி’ என்ற மருத்துவ இதழில் அமெரிக்க ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்று வெளியாகியிருக்கிறது. 60 பார்க்கின்சன் நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு உண்மையான கருவி. மற்றவர்களுக்குப் பார்ப்பதற்கு அதே போன்ற, வில்லின் தடை இல்லாத போலிக் கருவி. நான்கு வாரப் பயிற்சிக்குப் பின், உண்மைக் கருவியில் ஊதியவர்கள் விழுங்குவது முன்பைவிடப் பாதுகாப்பாக இருந்தது. உணவு மூச்சுப்பாதைக்குள் நழுவுவது குறைந்தது. ஊதுவதற்கும் விழுங்குவதற்கும் என்ன தொடர்பு என்று எங்களுக்குப் புரியவில்லை. பலமாக ஊதும்போது, விழுங்கும் நேரத்தில் குரல்வளையை மேலே தூக்கும் நாக்கடித் தசைகளும் சேர்ந்து உழைக்கின்றன என்பது மருத்துவரின் விளக்கம். உள்மூச்சுத் தசைகளுக்கும் இதே போன்ற கருவிகள் உண்டு; இழுக்கும்போது தடை தரும். எந்தக் கருவி யாருக்கு என்பதை அளந்து பார்த்தவரே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. அறுவை முடிந்து வரும் பலருடைய வீட்டிலும் மூன்று வண்ணப் பந்துகள் மேலெழும் பிளாஸ்டிக் கருவி ஒன்று கிடக்கும். அதையே ஊதினால் போதாதா என்று பலர் எங்களிடம் கேட்டார்கள். அது மூச்சை மெதுவாக, ஆழமாக இழுத்து நுரையீரலை விரிப்பதற்கானது. நல்ல கருவிதான், அளந்து கூட்டத்தக்க தடை அதில் இல்லை. பலூன் ஊதுவதும் அப்படியே. தசை வலுப்பெற வேண்டுமானால் அதன் பலத்துக்கு ஏற்ற சுமை வேண்டும். மூச்சுப் பயிற்சி என்றதும் இது யோகாசனத்தைச் சேர்ந்ததோ என்று தயங்கியவர்களும் உண்டு. மந்திரமும் இல்லை, தியானமும் இல்லை. கை ஒடிந்தவர் கட்டுப் பிரித்தபின் பந்தை அமுக்கிப் பழகுவதைப் போன்ற வெறும் உடற்பயிற்சி.

வீட்டுக்கு வந்த பின் கேள்வி, எந்த நேரத்தில் செய்வது என்பது. லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் உடம்பு இளகியிருக்கும். அதன் விளைவு தேயும் நேரத்தில் மரக்கட்டையாகிவிடும். இறைச்சி, பருப்பு முதலியவற்றின் புரதம் அம்மருந்து உடலில் சேர்வதைத் தடுப்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரையைக் கொடுத்துவிடுவோம். காலை 10 மணி மாத்திரைக்குப் பிறகு முக்கால் மணி நேரம் கழித்து வாப்பாவின் உடல் நன்றாக இளகும். அவர்கள் வழக்கமாக ளுஹாத் தொழும் வேளையும் அதுவே. ளுஹாத் தொழுத முஸல்லாவை மடித்து வைத்த கையோடு குழாயை எடுப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். தொழுகையோடு கட்டி வைத்த வேலையை வாப்பா ஒருநாளும் மறப்பதில்லை. கடிகாரத்தோடு கட்டி வைத்திருந்தால் ஒரு வாரம்கூடத் தாண்டியிருக்காது.

எண்ணிக்கைக்குத் தஸ்பீஹ் மணியைக் கொடுத்தோம். வாப்பா மறுத்துவிட்டார்கள். “அது திக்ருக்கு உள்ளது. ஊதுறதை எண்ண அதை எடுக்காதீங்க” என்றார்கள். மார்க்கத்தில் அதற்குத் தடை இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களுடைய அதபு அது. உம்மா அடுக்களையிலிருந்து 25 புளியங்கொட்டைகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு கொட்டை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு. கொட்டையை இரு விரலால் பொறுக்குவது வேறு விரல்களுக்குப் பயிற்சியாயிற்று.

முதல் வாரம் கடினமாக இருந்தது. வால்வு திறக்காத ஊதல்களே மிகுதி. பல் கட்டியவர்களுக்கு உதட்டை இறுக்குவது எளிதன்று. ஓரத்தில் எச்சில் வழியும். மருமகள் முன்னால் எச்சில் வழிவதில் வாப்பாவுக்குப் பெரிய கூச்சம். அதனால் பயிற்சி நேரத்தில் ஆண்மக்களில் ஒருவர் மட்டும் அறைக்குள் இருப்பது என்று மாற்றிக்கொண்டோம். நான்காம் நாள், “அல்லாஹ் குடுத்த மூச்சு, அவன் எடுக்கிற நாள்ல எடுத்துக்குவான். இதைப் போட்டு என்னத்துக்கு ஊதிக்கிட்டு?” என்று குழாயைக் கீழே வைத்துவிட்டார்கள். அதற்கு எங்களில் எவரும் பதில் சொல்லவில்லை. உம்மாதான் சொன்னார்கள்: “எடுக்கிறது அவன் இஷ்டம். அதுவரைக்கும் எனக்குக் கேக்கிற மாதிரி ஓதுங்க.” ஐம்பது ஆண்டுகளாக உம்மா ஃபஜ்ருத் தொழுதுவிட்டு வாப்பா யாஸீன் ஓதுவதைக் கேட்டுக்கொண்டே அடுப்பு மூட்டியவர்கள். வாப்பா ஒன்றும் பேசாமல் குழாயை மறுபடியும் எடுத்தார்கள்.

அந்தப் பதிலுக்குப் பின்தான் இப்பயிற்சியின் பலனை எதைக் கொண்டு அளப்பது என்பது எங்களுக்குத் தெளிவாயிற்று. மருத்துவமனைக் கருவி மாதத்துக்கு ஒருமுறைதான். ஃபாத்திஹா நாள்தோறும் இருக்கிறது.

தஜ்வீத் பயின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் நிறுத்தி ஓதுவார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பிஸ்மில்லாஹ்வை முதல் வசனமாகக் கொண்டு எண்ணும் எங்கள் கணக்கில் ஃபாத்திஹாவுக்கு ஏழு வசனங்கள், வசனத்துக்கொரு மூச்சு. முதல் ஆறும் குறுகியவை. ஏழாவதோ மற்றவற்றைவிட மிக நீண்டது. அதன் கடைசிச் சொல்லில் ஆறு ஹரக்கத் அளவுக்கு நீட்டி ஓத வேண்டிய கட்டாய மத்து வேறு இருக்கிறது. மூச்சின் வாலில் மிகப் பெரிய சுமை. நலமுள்ளவர்களுக்கு அது சுமையாகவே தெரியாது. வாப்பாவின் குரல் அந்த வசனத்தின் நடுவிலேயே கரைந்துபோகும். கடைசிச் சொல் உதட்டசைவு மட்டும்.

இதனால் தொழுகைக்குக் கேடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபாத்திஹாவை இடையறாமல் ஓத வேண்டும் என்பது சட்டமாயினும், மூச்சு வாங்குவதற்காகவோ இருமலினாலோ களைப்பினாலோ நேரும் இடைவெளி அத்தொடர்ச்சியை முறிக்காது. நடுவில் நின்று மூச்செடுத்துக்கொண்டு தொடரலாம். வீட்டிலுள்ள முதியவரைச் சிறியவர்கள் “திரும்ப ஓதுங்க” என்று அவசரப்படுத்த வேண்டாம். நோயாளிகளில் பலருக்கு வஸ்வாஸ் எளிதில் வந்துவிடும். ஒரே ஃபாத்திஹாவை நான்கு முறை ஓதிக் களைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது வாரத்தில் அந்தக் கடைசிச் சொல்லின் தொடக்கம் கேட்டது. ஐந்து வாரம் முடிந்து மருத்துவமனைக்குச் சென்றபோது கருவி 63 என்றது. திருகை 47-க்கு இறுக்கித் தந்தார்கள். எண்ணைவிட எங்களுக்கு மகிழ்ச்சி தந்தது அந்த வாரத்தில் நடந்த இன்னொன்று. பகல் சாப்பாட்டின்போது வாப்பாவுக்கு ரசம் புரையேறி, முகம் சிவக்க, வீடே திரும்பிப் பார்க்கும்படி பலமாக இருமினார்கள். பதறி எழுந்த பேரப்பிள்ளைகளுக்கு, உம்மா ஏன் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள் என்பது புரியவில்லை.

சத்தத்துக்குத் தனியே ஒரு பயிற்சியும் உண்டு. பார்க்கின்சன் நோய் கண்ட லீ சில்வர்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் பெயரால் 1987-இல் உருவான முறை அது. வாரத்துக்கு நான்கு நாள் வீதம் நான்கு வாரம், ஒரு மணி நேர அமர்வுகள் 16. நுட்பமான அறிவுரைகள் எல்லாம் கிடையாது. ‘உரக்கச் சொல்லுங்கள்’ என்ற ஒரே கட்டளை. தவறிப்போன அளவுகோலை மீண்டும் சரிசெய்வதே அதன் நோக்கம். அதற்கென முறையாகப் பயின்ற பேச்சுப் பயிற்சியாளர் எங்கள் பக்கத்தில் கிடைக்கவில்லை. அதன் சாரத்தை மட்டும் வீட்டில் கடைப்பிடித்தோம்: ஓதும்போது சுவரின் மறுபக்கத்தில் உம்மா இருப்பார்கள், கேட்டால் தட்டுவார்கள். ‘சத்தம் போதவில்லை’ என்று பிள்ளைகள் திருத்துவதைவிட, சுவரில் விழும் தட்டு வாப்பாவுக்கு உவப்பாக இருந்தது.

கருவி வாங்க இயலாதவர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து இரு கைகளையும் விலாவில் வைத்து, கைகள் விலகும்படி மூச்சை இழுத்து மெல்ல விடுதல். கைகளை மேலே தூக்கும்போது மூச்சை இழுத்து, இறக்கும்போது விடுதல். ஒரே மூச்சில் உரக்க எண்ணிப் பார்த்தல். கண்ணாடியில் ஆவி படரும்படி ‘ஹா’ என்று வேகமாக ஊதுதல். இவை வலுப்பயிற்சிக்கு நிகரல்ல, விறைப்பைத் தளர்த்தும். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காருவதும், சாப்பிட்டுக்கொண்டே பேச வைக்காமல் இருப்பதும் செலவில்லாத காவல். எங்கள் வீட்டில் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவதுதான் பழக்கம். வாப்பாவுக்கு நாற்காலியும் மேசையும் போட்டோம். அவர்கள் தனிமைப்படாமல் இருக்க நாங்களும் ஒருவர் மாற்றி ஒருவர் மேசையில் உட்காருகிறோம்.

ஸுஜூதைப் பற்றியும் ஒரு சொல். இந்நோயாளிகளுக்கு எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் திடீரென இறங்கிவிடுவது உண்டு. ஸுஜூதிலிருந்து நேரே நிலைக்கு எழுவது அவர்களுக்கு ஆபத்து. வாப்பா இப்போது நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள். குனிந்து கிடக்கும் வயிறு நெஞ்சை அழுத்தாததால் மூச்சுக்கும் அதுவே இதம்.

ரமளானில் வாப்பா நோன்பு வைப்பதில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை வேண்டிய உடம்பு அது, மருத்துவர் தடுத்துவிட்டார். தீராத நோயாளிக்கு உரிய ஃபித்யாவாக நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசி கொடுக்கிறோம். நோன்பு வைக்கும் நிலையில் உள்ள நோயாளிகள் இக்கருவியை ஊதினால் நோன்பு முறியுமா என்று ஒருவர் கேட்டார். வெறும் காற்று நோன்பை முறிக்காது. ஆனால் குழாயில் பட்டு வெளியே வந்த எச்சில் மீண்டும் வாய்க்குள் போய் விழுங்கப்பட்டால் எங்கள் மத்ஹபில் நோன்பு முறிந்துவிடும் என்று ஆலிம் சொன்னார். இரவில், தராவீஹுக்கு முன் ஊதிக்கொள்வது பேணுதல்.

இப்பயிற்சி நோயைக் குணப்படுத்தாது. மூளையில் டோப்பமின் சுரக்கும் செல்கள் அழிவதை எந்தக் குழாயும் நிறுத்துவதில்லை. இந்த இரண்டாண்டில் வாப்பாவின் கையெழுத்து எறும்பளவுக்குச் சிறுத்துவிட்டது. வாசற்படி அருகே வந்ததும் கால்கள் தரையில் ஒட்டிக்கொள்கின்றன. பயிற்சியை நிறுத்தினால் சேர்த்த பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்பதால், ஐந்து வாரத்துக்குப் பின்னும் வாரத்துக்கு மூன்று நாள் ஊதுகிறார்கள். அல்லாஹ்வின் கிருபையால் நியூமோனியா மீண்டும் வரவில்லை. பயிற்சியினால்தான் வரவில்லை என்று அடித்துச் சொல்ல எங்களால் இயலாது. மஃக்ரிபில் ஏழாவது வசனம் முழுவதும் கேட்கும் நாட்களும் உண்டு, நடுவில் ஒரு மூச்சு வாங்கும் நாட்களும் உண்டு. பேரப்பிள்ளைகள் இரண்டுக்கும் பழகிக்கொண்டார்கள். ஆமீன் சொல்லக் காத்திருக்கிறார்கள்.

அண்மையில் அடுத்த தெரு ஹாஜியார் ஒருவர் மகனுடன் வந்தார். அவருக்கும் இதே நோய். குழாயை ஒரு மாதம் இரவல் தர முடியுமா என்று கேட்டார். வாயில் வைக்கும் கருவியை ஒருவர் மற்றவருக்குத் தரக்கூடாது. வில்லின் இறுக்கமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி, இயன்முறை மருத்துவர் இருக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தோம். அவர்கள் எழுந்தபோது வாப்பா கையமர்த்தி உட்காரச் சொன்னார்கள். அடுக்களைப் பக்கம் திரும்பி உம்மாவை அழைத்தார்கள். அந்தக் குரல் ஒரே தடவையில் அங்கே போய்ச் சேர்ந்தது. உம்மா புளியங்கொட்டை டப்பாவைக் கொண்டுவந்தார்கள். வாப்பா ஒவ்வொன்றாக 25 எண்ணி, ஒரு தாளில் மடித்து ஹாஜியார் கையில் கொடுத்தார்கள்.